நூல் கட்டாத கை

எங்கள் நோன் க்லுவா ஊரில் ஆம்பிளைகள் எல்லாரும் நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு அலைந்த வருடம் ஒன்று உண்டு. எருமை மாதிரி உடம்பு, மார்பெல்லாம் பச்சை குத்தல், விரல் நுனி மட்டும் கல்யாணப் பெண். படுக்கும்போது பெண்டாட்டியின் பாவாடையை வேறு இடுப்பில் சுற்றிக்கொள்வார்கள். விதவைப் பேய் வாலிப ஆண்களாகப் பார்த்துத் தூக்கத்திலேயே எடுத்துக்கொண்டு போகிறதாம். பாவாடையையும் சிவப்பு நகத்தையும் பார்த்தால், அடடா இது பெண்பிள்ளை என்று ஏமாந்து திரும்பிவிடுமாம். அத்தனை ஆசையோடு ஆண் தேடி வருகிற பேய்க்கு இவர்கள் குறட்டையும் சாராய நாற்றமும் தெரியாதா என்று கேட்டேன்.

வாசலுக்கு வாசல் சிவப்புச் சட்டை தொங்கியது. சில வீட்டில் மரத்தில் செதுக்கிய ஆண்குறியும் தொங்கியது, பேய் அதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. செதுக்கியவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அதன் நீளத்தில் தெரிந்தது.

என் பெயர் லம்துவான். என் புருஷன் விராத், அதற்கு ஐந்தாறு வருடம் முன்பு தூக்கத்திலேயே போனவன். நாற்று நட்டுவிட்டு வந்தான், கூடை நிறைய ஒட்டரிசிச் சோறு தின்றான், கால் கனக்கிறது என்றான், படுத்தான். காலையில் எழுப்பினால் கட்டை. விதவைப் பேய் கொண்டுபோய்விட்டது என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பேய்க்கும் ஒரே பட்டம். என்னை நேருக்கு நேர் யாரும் பேய் என்று சொன்னதில்லை. ஆனால் நான் தண்ணீர்க் குழாய்க்குப் போனால், தங்கள் வயசுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழப் போவான். எனக்கு வீடு என்று ஒன்று இல்லை, என் மாமியார் புவாவுக்குப் பெண்பிள்ளை இல்லை. அதனால் நான் இங்கே வந்தேன். புருஷன் போன பிறகும் இங்கேயே இருந்தேன். மாமியாருக்கு என்னைப் பிடிக்காது. அவளுக்குச் சமைத்துப் போட வேறு ஆளும் கிடையாது. என் கை சோறு வேக வைக்கலாம், மீன் ஊறல் பானையைக் கிளறலாம், கோடையில் வயல் மண்ணைக் கரைத்து உப்புக் காய்ச்சலாம். நல்ல காரியத்தில் மணிக்கட்டில் கட்டுகிற நூலை மட்டும் பிடிக்கக் கூடாது.

நான் சொல்ல வந்தது பைதூனைப் பற்றி. என் புருஷனின் தம்பி. அந்தச் சிவப்புச் சாய வருடத்தில் அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஊரிலேயே பெரிய தோள், ஊரிலேயே சின்ன மூளை. தண்ணீர்ப் பானையை இடுப்பில் வைத்துத் தூக்கினால் பொம்பளை வேலை என்று தலைமேல் தூக்கி, பாதியைச் சட்டையில் கொட்டிக்கொள்வான். ஆனால் நல்லவன். அண்ணன் செத்த பிறகு என்னை ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. அந்த வீட்டில் என்னை "அண்ணி" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான்.

நடவு நாளில் ஒரு காலை. கூரையே பிய்ந்துவிடும் போல ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் பாயில் மல்லாந்து கிடக்கிறான். கொசுவலை முகத்தில் விழுந்து கிடக்கிறது, அதை விலக்கக் கூடக் கை எழவில்லை.

"அண்ணி, காலு இல்ல அண்ணி! என் காலைக் காணோம்!"

"காலு இருக்கு, நான் பாக்குறேன்ல. அசைச்சுப் பாரு."

"அசைய மாட்டேங்குது. கல்லு மாதிரி கெடக்கு."

மாமியார் வந்தாள், பார்த்தாள், நேராக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே ஓடி மந்திரம் சொல்லும் தோங்சுக் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஊரில் கல்யாணமா, புதுவீடு புகுதலா, ஆவி விரட்டலா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிழம்தான். அவர் பைதூனின் கட்டைவிரலைத் திருகினார், நகத்தைப் பார்த்தார்.

"சாயம் மங்கிப் போச்சு. அதான் வந்துட்டா."

"யாரு?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா?" என்றார் கிழவர்.

தெரியும். என் புருஷனின் கால் கனத்ததும் எனக்குத் தெரியும். அந்தக் காலையில் நான் நினைத்தது ஒன்றுதான்: இந்த வீட்டிலிருந்து இன்னொரு பிணம் போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் கரும்பு ஏற்றும் வண்டி வைத்திருந்தான். அவன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இழுத்து வந்து, பைதூனைத் தூக்கி வண்டியில் போட்டோம். மாமியார் தன் பாவாடையை எடுத்து அவன் இடுப்பில் சுற்றிவிட்டுத்தான் வண்டியை விட்டாள். மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அவன் அப்படித்தான் போனான், பூப்போட்ட பாவாடையும் சிவப்பு நகமுமாக. நர்ஸ் சிரிப்பை அடக்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் சின்னப் பெண். ரத்தம் எடுத்தாள், நெஞ்சில் ஒயர் ஒட்டினாள், கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினாள். மறுநாள் சாயங்காலம் பைதூன் எழுந்து கழிவறைக்குத் தானே நடந்து போனான். அப்புறம் டாக்டர் என்னையும் பின்னாலேயே வந்து சேர்ந்த மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அம்மா, இவரு கிட்னி பொட்டாசியம்னு ஒரு சத்தைப் பிடிச்சு வைக்க மாட்டேங்குது. எல்லாம் ஒண்ணுக்குல போயிடுது. அது கொறைஞ்சா தசை ஓடாது. கால் போகும், கை போகும், கடைசில மூச்சும் நெஞ்சும் நின்னுடும். ரத்தத்துல அமிலமும் தங்குது. அதனால எலும்புல இருக்கற சுண்ணாம்பு கரைஞ்சு, கிட்னிக்குள்ள கல்லாச் சேருது. இப்பவே கல் இருக்கு."

"எதனால வருது?" என்றேன்.

"நம்ம பக்கம் இது நெறைய பேருக்கு இருக்கு. சில குடும்பத்துல வழிவழியா வரும். நல்லா வேர்க்க வேர்க்க வேலை செஞ்சு, ஒரேயடியா வயிறு முட்டச் சோறு தின்னா, இருக்கற கொஞ்சமும் ரத்தத்தை விட்டு ஓடிடும். சாராயம் கூடவே கூடாது. வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி…?"

நான் விராத்தைப் பற்றிச் சொன்னேன். நாற்று, சோறு, கால் கனம், காலை. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இருக்கலாம் அக்கா. இப்ப உறுதியாச் சொல்ல முடியாது."

எனக்கு அது போதும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஒரு பாட்டில் மருந்தில் பிழைத்து எழ வேண்டியவனைப் பேய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டு, என்னையும் அந்தப் பேய்க்குத் தங்கச்சியாக்கி வைத்திருந்தார்களே என்று.

மருந்து ஒரு தண்ணி. உப்பும் கசப்புமாக, வாயில் வைத்தால் குமட்டும். மூன்று வேளை, ஆயுசு முழுக்க. அதை விட்டால் கால் மட்டும் போகாது, கிட்னியே சுருங்கிப் போகும் என்று டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வாழைப்பழம் தின்னச் சொன்னாள். பைதூன் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினான். தலையை ஆட்டுவதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெயர் யாருக்கு? சிவப்புச் சட்டைக்கு. "நல்ல வேளை, வாசல்ல சட்டை தொங்குச்சு, இல்லைன்னா அங்கயே எடுத்திருப்பா" என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். டாக்டர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சட்டை வாசலில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் சட்டைக்குக் கும்பிடு போட்டது.

பைதூன் நான்கு நாள் மருந்து குடித்தான். ஐந்தாம் நாள் சாராயம் குடிக்கிற இடத்தில் அவனுடைய கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏண்டா, கெழவன் மாதிரி மருந்து பாட்டிலோட சுத்துறியாம்?"

"வயலுக்குப் போறப்பயும் அண்ணி ஊட்டி விடுறாளா?"

அதோடு சரி, பாட்டில் நெற்குதிருக்குப் பின்னால் போய்விட்டது. நான் தேடி எடுத்துக்கொண்டு போய் முன்னால் வைத்தேன்.

"குடி."

"அப்புறம் அண்ணி."

"அப்புறம்னா எப்ப? மறுபடியும் காலைக் காணோம்னு கத்துறப்பவா?"

"நாலு பேரு பாக்குறாங்க அண்ணி. வெக்கமா இருக்கு."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அம்மாவின் பூப்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு, நகத்துக்குச் சாயம் பூசி, ஊர் பார்க்க வண்டியில் போனவனுக்கு வெட்கம் இல்லை. ஒரு வாய் மருந்து குடிக்க வெட்கம்.

இதற்கிடையில் மாமியார், உயிரைக் கூப்பிடும் சடங்கு வைக்க நாள் பார்த்துவிட்டாள். ஆபத்திலிருந்து தப்பியவனுடைய உயிர் பயந்து உடம்பை விட்டு அலையும். அதைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி முடிய வேண்டும். நான் இதைக் குறை சொல்லவில்லை. எனக்கும் கல்யாணத்தன்று கட்டினார்கள், அன்றைக்கு என் மனசு உண்மையாகவே நிறைந்திருந்தது. எனக்கு ஆத்திரம் மூட்டியது சடங்கு இல்லை, சாப்பாடு.

வாழையிலையைச் சுருட்டிக் கோபுரமாகக் கட்டிய தட்டு நடுவில் இருந்தது. அதைச் செய்ய விதவைக் கை ஆகாது என்று எதிர்வீட்டு மனுஷிகளைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். நாலு பானை ஒட்டரிசி வேக வைத்தது விதவைக் கைதான், அது பரவாயில்லை. பைதூன் தட்டின் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். தோங்சுக் தாத்தா அவன் உள்ளங்கையில் ஒரு முட்டை, ஒரு சோற்று உருண்டை, ஒரு வாழைப்பழம் வைத்துவிட்டு, காட்டிலிருந்தும் ஆற்றிலிருந்தும் உயிரே வா, வா என்று பாடினார். ஒவ்வொருவராக வந்து நூல் கட்டினார்கள். கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டும் போனார்கள். மாமியாரின் மணிக்கட்டு வெள்ளைக் கட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ஊட்டல். ஒட்டரிசிச் சோறு, சர்க்கரைப் பாகில் ஊறிய அரிசிப் பலகாரம், தேங்காய்ப்பால் அடை, மேலே அரிசிச் சாராயம். தப்பிப் பிழைத்தவன் எவ்வளவு தின்கிறானோ அவ்வளவு உயிர் ஒட்டும் என்று ஆளுக்கு ஒரு கவளம். எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை.

"அத்தை, போதும். டாக்டரு ஒரேயடியா சோறு குடுக்கக் கூடாதுன்னாங்க, சாராயம் ஆகாதுன்னாங்க. நீங்களும்தானே கேட்டீங்க?"

"நல்ல காரியம் நடக்குற எடத்துல வந்து வாயை வைக்காத. உள்ள போ."

"மருந்தாவது குடிக்கச் சொல்லுங்க."

"இத்தனை பேரு கையால நூல் கட்டியிருக்கு. உன் பாட்டில் எதுக்கு?"

பைதூன் என்னைப் பார்த்தான். வாய் நிறையச் சோறு. "ஒரு நாளைக்குத்தானே அண்ணி" என்று கண்ணாலேயே கெஞ்சினான். பிறகு குனிந்துகொண்டான். அந்தக் கூட்டத்தில் அவனுக்கு ஆகிற ஒரே பொருள் அந்த வாழைப்பழம். அதையும் தின்னவிடாமல் எடுத்துத் தட்டின் மேல் வைத்துவிட்டார்கள், அது உயிருக்காம்.

மறுநாள் விடிந்ததும் அலறல்கூட இல்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். கண் திறந்திருக்கிறது, உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நெஞ்சு குருவி நெஞ்சு மாதிரி அடித்துக்கொள்கிறது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் நூல்.

இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. வண்டியில் போட்டுக்கொண்டு போனேன், மாமியாரும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அதே டாக்டர்தான். ஊசி குத்த நரம்பு தேடினால் எங்கும் நூல். கத்தரிக்கோலை எடுத்து வெட்டப் போனாள்.

"வெட்டாதீங்க! உயிரு போயிரும்!" என்று மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து என்னம்மா குடுத்தீங்க இவருக்கு?"

மாமியார் ஒன்றொன்றாகச் சொன்னாள், பெருமையாக. டாக்டர் கேட்டுவிட்டு, "உயிரு போறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் குடுத்திருக்கீங்க" என்று நூலை வெட்டினாள். வெட்டிய நூலை மாமியார் தரையிலிருந்து பொறுக்கித் தோள் துண்டில் முடிந்துகொண்டாள். அவளைப் பார்த்து எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். ஒரு மகனைப் பறிகொடுத்தவள். ஆனால் வரவில்லை.

பைதூன் பிழைத்தான். பிழைத்துத் திருந்தினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். பயம் இருக்கிற வரை மருந்து குடித்தான், பயம் தெளிந்ததும் விட்டான். கரும்பு வெட்டப் போன ஊரில் பாட்டில் தூக்க முடியாது என்றான். நடுவில் ஒரு பெண் பார்த்தார்கள். காலில்லாமல் போகிறவன் என்று அவர்கள் பின்வாங்கியதும், நோயே இல்லை என்று காட்ட ஒரு வருடம் முழுக்க மருந்தைத் தொடவில்லை. கல் இறங்கும்போது தரையில் புரண்டு அழுவான். உடனே தோங்சுக் தாத்தா ஒரு வேரைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார். கல் விழுந்தால் பெயர் வேருக்கு, விழாவிட்டால் பழி பேய்க்கு. அந்தக் கிழவர் தோற்றதாக எனக்கு ஞாபகமே இல்லை.

நான் கத்தினேன், கெஞ்சினேன், மீன் ஊறலில் மருந்தைக் கலந்துகூடப் பார்த்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினான்.

"என்னை ஏன் அண்ணி வெரட்டுற? நல்லாத்தானே இருக்கேன்."

"உங்க அண்ணனும் நல்லாத்தான்டா இருந்தான்."

முப்பது வயதுக்குள் தோள் இறங்கிவிட்டது. எலும்பு வலி. மாடிப்படி ஏறினால் இளைப்பு. முகம் காலையில் ஊதியிருக்கும், சோறு வாயருகே போனால் குமட்டும். கடைசியில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இரண்டு கிட்னியும் சுருங்கிக் கல்லாகக் கிடக்கிறது, இனி திரும்பாது என்றார்கள். அப்போது பைதூன் என்னைப் பார்த்து, "மருந்து இப்பக் குடிச்சா?" என்று கேட்டான். என் வாழ்நாளில் அவ்வளவு முட்டாள்தனமான கேள்வியைக் கேட்டதில்லை. அவன் தலையைத் தடவினேன்.

வயிற்றில் குழாய் வைத்து அனுப்பினார்கள். வீட்டிலேயே பையில் இருக்கும் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட வேண்டும், சில மணி நேரம் ஊறவிட்டு வெளியே எடுக்க வேண்டும். கிட்னி செய்ய வேண்டிய வேலையை அந்தத் தண்ணீர் செய்யும். காலை, மதியம், மாலை, படுக்கும் முன். ஒரு துளி அழுக்குப் போனாலும் வயிறு சீழ்கட்டிச் செத்துப்போவான். பைதூனின் விரல்கள் மரத்துப்போயிருந்தன, மூடியைத் திருகவே வரவில்லை. வேறொரு ஆள் பழக வேண்டும் என்று நர்ஸ் வீட்டுக்கே வந்தாள்.

அவள் முதலில் பார்த்தது அறைச் சுவரில் பெரிய ஆணியில் தொங்கிய சிவப்புச் சட்டை. வாசலிலிருந்து மாமியார் அதை உள்ளே கொண்டுவந்து மாட்டியிருந்தாள். சாயம் போய், தூசி அப்பி, பல்லி முட்டையோடு தொங்கியது.

"அதை எடுத்துருங்க. பை மாட்ட அந்த ஆணிதான் சரியா இருக்கும்."

மாமியார் என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேன்.

"யாரு செய்யப் போறீங்க?"

"நான்தான்" என்று மாமியார் முன்னால் வந்தாள். "பெத்தவ நான். வேற யாரு கையும் வேணாம்."

"கையைக் காட்டுங்கம்மா."

மாமியார் இரண்டு கையையும் நீட்டினாள். மணிக்கட்டு நிறைய நூல். எத்தனையோ வருடத்துச் சடங்கு, எத்தனையோ கோயில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கறுத்து, மஞ்சளும் எண்ணெயும் மீன்நாற்றமும் ஏறி. எல்லாம் இந்த மகன் பிழைக்க வேண்டும் என்று கட்டியது.

"இதோட தொடக் கூடாது. வெட்டிடலாமா?"

மாமியார் கையைச் சட்டென்று இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "இதை வெட்டினா அவன் போயிருவான்மா."

"வெட்டாம தொட்டாலும் போயிருவாரும்மா."

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். நான் கையை நீட்டினேன். விராத் செத்த நாளிலிருந்து ஒரு நல்ல காரியத்திலும் ஒருவரும் எனக்கு ஒரு நூல் கட்டியதில்லை. இரண்டு மணிக்கட்டும் வெறுமையாக இருந்தன.

"இந்தக் கை சுத்தமா இருக்கு" என்றாள் நர்ஸ்.

ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. பாயில் பைதூன் பயந்துபோய்க் கிடந்தான், அவனைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். நர்ஸ் சொன்னபடி சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். முகமூடி கட்டினேன். குழாயின் மூடியைத் திறந்து பையோடு சேர்த்தேன். ஆணியில் தொங்கிய பையிலிருந்து தண்ணீர் அவன் வயிற்றுக்குள் இறங்கியது.

"அண்ணி, வலிக்கல" என்றான் பைதூன், சின்னப் பிள்ளை மாதிரி.

"வாயை மூடிட்டுப் படு. இருமாத."

அதிலிருந்து இன்றுவரை நான்தான் செய்கிறேன். இன்னும் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது, டாக்டரும் சொல்லவில்லை. ஊர் இப்போது என்னைக் கண்டால் குழாயடியில் இடம் விடுகிறது, மரியாதையா பயமா என்று நான் கேட்பதில்லை. மாமியார் அறைக்குள் வருவதில்லை. தன் நூல்களைத் தோள் துண்டில் மறைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பாள். ஒவ்வொரு வேளையும் அதே கேள்வி.

"லம்துவான், கையை நல்லாக் கழுவிட்டியாம்மா?"

"கழுவிட்டேன் அத்தை."

இருபது வருடத்தில் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதற்குத்தான்.